ஜிஆர் 86 பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ்: அந்த 1,500 டாலர் எங்க போகுது

டொயோட்டா ஜிஆர் 86 வாங்கப் போறேன், பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜோட எடுக்கலாமா வேணாமான்னு கேட்டு ரெண்டு மாசத்துல மூணு பேர் போன் பண்ணிட்டாங்க, ஒவ்வொருத்தர்கிட்டயும் அரை மணி நேரம் பேசுறதுக்கு இங்கயே முழுசா எழுதிடறேன். என்னோடது 2024 பிரீமியம், மேனுவல் கியர், பேக்கேஜோட வாங்கினது. 14 மாசம் ஆச்சு, 13,000 மைல் ஓடியிருக்கு, நாலு நாள் ட்ராக்ல ஓட்டியிருக்கேன். என் நண்பன்கிட்ட 2022 பிரீமியம் இருக்கு, அந்த வருஷம் இந்த பேக்கேஜே வரல. இன்னொரு அண்ணன் 2017 சுபாரு பிஆர்இசட் வச்சிருக்கார், சுபாரு பெயர்ல வந்த இதே காரோட முந்தின தலைமுறை, அதுல அந்த வருஷம் 1,195 டாலருக்கு சுபாரு கொடுத்த பெர்ஃபார்மன்ஸ் பேக்கேஜ் இருக்கு. மூணு பேரும் கலிஃபோர்னியால ஃப்ரீமான்ட் பக்கம் தான் இருக்கோம், அதனால இந்த சண்டை எங்களுக்குள்ள ஒரு வருஷமா ஓடிட்டு இருக்கு.

பேக்கேஜ்ல என்ன வருதுன்னு முதல்ல சொல்லிடறேன். 2024ல 1,500 டாலருக்கு பிரெம்போ பிரேக், சாக்ஸ் டேம்பர் (ஷாக் அப்சார்பர்), அவ்வளவு தான். முன்னாடி நாலு பிஸ்டன் காலிப்பர் (பேடை டிஸ்க்ல அமுக்கற பாகம்), 326 மிமீ டிஸ்க், பின்னாடி ரெண்டு பிஸ்டன், 316 மிமீ டிஸ்க். பேக்கேஜ் இல்லாத கார்ல முன்னாடி 300, பின்னாடி 290. இஞ்சின்ல கை வைக்கவே இல்ல, 2.4 லிட்டர் பாக்ஸர், 228 குதிரை சக்தி, பேக்கேஜ் இருந்தாலும் இல்லாட்டியும் அதே தான். பின் வீல் ரெண்டுக்கும் சக்தியைப் பிரிச்சுக் கொடுக்கற டோர்சன் டிஃபரன்ஷியல் எல்லா ஜிஆர் 86லயும் இருக்கு. பிரீமியம்ல வர்ற 18 இன்ச் வீல், 215 அகல மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 டயர், அதுவும் மாறல.

நண்பனோட முதல் கேள்வியே இது தான். "மச்சான், பெர்ஃபார்மன்ஸ்னு பேர் வச்சுட்டு ஒரு குதிரை கூட ஏத்தலையேடா"ன்னான். கேள்வி நியாயமானது தான், ஆனா கூபே கார்கள்ல இந்த மாதிரி பேக்கேஜ் எல்லாமே பெரும்பாலும் இப்படித்தான் வரும். 2015 மஸ்டாங் ஜிடில ஃபோர்ட் 2,495 டாலருக்கு கொடுத்த பேக்லயும் 435 குதிரை சக்தி அப்படியே தான் இருந்துச்சு, ஆறு பிஸ்டன் பிரெம்போ, 15 இன்ச் டிஸ்க், அகலமான டயர், 3.73 டோர்சன் ஆக்ஸில், அதோட பெரிய ரேடியேட்டர், இதெல்லாம் கொடுத்தாங்க. அந்த ரேடியேட்டரை மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி அதுக்கு வரேன்.

பிரேக்ல ஆரம்பிப்போம், ஏன்னா எல்லாரும் சண்டை போடறது அதுல தான்.

பெரிய பிரேக் போட்டா கார் சீக்கிரம் நிக்கும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, ஒரே ஒரு தடவை 60 மைல்ல இருந்து அழுத்திப் பார்த்தா ரெண்டு காரும் கிட்டத்தட்ட ஒரே இடத்துல தான் நிக்கும். காரணம் சிம்பிள். நண்பன் காரோட சாதா பிரேக்லயே ஓங்கி மிதிச்சா ஏபிஎஸ் வேலை செய்ய ஆரம்பிச்சுடுது, அப்படின்னா டயரோட பிடிப்பு தீர்ந்துபோச்சு, அதுக்கு மேல காலிப்பர்ல எத்தனை பிஸ்டன் இருந்தாலும் ரோட்டுக்கு ஒண்ணும் தெரியப் போறதில்ல. ரெண்டு கார்லயும் அதே 215 டயர். நண்பன் இதை வச்சே ஆறு மாசம் எங்களை ஜெயிச்சிட்டு இருந்தான், "1,500 டாலரை டயர்ல போட்டிருந்தா நீ எனக்கு முன்னாடி நின்னிருப்ப"ன்னு. அதுல தப்பே இல்ல.

ஆனா பிரேக்கோட வேலை ஒரு தடவை நிறுத்தறதோட முடியறதில்ல, வேகத்தை சூடா மாத்தி அந்த சூட்டைத் தாங்கிக்கிட்டு அடுத்த தடவைக்கும் தயாரா நிக்கணும். தண்டர்ஹில்னு ஒரு ட்ராக், வில்லோஸ் ஊர் பக்கத்துல, எங்க வீட்டுல இருந்து ரெண்டரை மணி நேரம். அதுல 3 மைல் லேஅவுட்ல 15 திருப்பம், பின் ஸ்ட்ரெய்ட் முடிஞ்சு 14வது திருப்பத்துக்கு பிரேக் பிடிக்கற இடம் தான் பிரேக்கோட பரீட்சை ஹால். 110 மைல் வேகத்துல வந்து 50க்கு இறக்கணும். என்னையும் சேத்து கார் எடை சுமாரா 1,350 கிலோ, கணக்கு போட்டுப் பார்த்தா அந்த ஒரே மிதில பிறக்கற சூடு கிட்டத்தட்ட 13 லட்சம் ஜூல், நாலு லிட்டர் பச்சைத் தண்ணியை அடுப்புல வச்சு கொதி வர வைக்கற அளவு. நம்ம வீட்டு கேஸ்ல நாலு லிட்டர் கொதிக்க எவ்வளவு நேரம் ஆகும்னு யோசிங்க, இங்க அது நாலஞ்சு செகண்டுல நடக்குது, அதுல பெரும்பங்கு முன் டிஸ்க் ரெண்டுக்கும் போகுது. அந்த சூடு இறங்கறதுக்குள்ள ஸ்டார்ட் ஸ்ட்ரெய்ட் முடிஞ்சு முதல் திருப்பம் வந்துடும். இப்படியே 20 நிமிஷம். இந்த இடத்துல தான் 26 மிமீ பெரிய டிஸ்க்குக்கு அர்த்தம் இருக்கு, இரும்பு அதிகம்னா சூட்டை வாங்கி வச்சுக்கற இடமும் அதிகம், காத்து படற பரப்பும் அதிகம்.

போன ஜூன்ல நண்பனும் நானும் சேர்ந்து போனோம். டொயோட்டா இந்த கார் வாங்கறவங்களுக்கு நேஷனல் ஆட்டோ ஸ்போர்ட் அசோசியேஷன்ல ஒரு வருஷ மெம்பர்ஷிப்பும் ஒரு ட்ராக் நாளும் இலவசமா கொடுக்குது, சுருக்கமா நாசா, ராக்கெட் விடற நாசா இல்ல. வெயில் 38 டிகிரி, மலையெல்லாம் காஞ்ச புல்லு, காத்துல கூட சூடு. ரெண்டாவது செஷன்ல ஆறாவது சுத்துல நண்பன் கார் 14வது திருப்பத்துக்கு ரொம்ப முன்னாடியே பிரேக் லைட் போட்டுச்சு, அடுத்த சுத்துல பிட்டுக்குள்ள போயிட்டான். நான் வந்து பார்த்தா கார்ல உக்காந்தபடியே பெடலை அமுக்கி அமுக்கி காட்டறான், பஞ்சு மூட்டையை மிதிக்கற மாதிரி பாதி தூரம் சும்மா போகுது, அதுக்கப்புறம் தான் பிடிக்குது. நான் உள்ளுக்குள்ள பிரெம்போ ஜெயிச்சிருச்சுன்னு நினைச்சேன்.

அது அவசரப்பட்ட முடிவு. சாயந்திரம் ஆறின பிறகு காலிப்பர்ல இருக்கற பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து கொஞ்சம் பிரேக் ஃப்ளூயிட் எடுத்துப் பார்த்தா டிகாஷன் கலர்ல இருக்கு. ட்ராக்குக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு கராஜ்ல ஃப்ளூயிட் மாத்தச் சொல்லி காசும் கொடுத்திருந்தான், அவங்க ரிசர்வாயர்ல இருக்கறதை மட்டும் உறிஞ்சி புதுசை ஊத்திட்டு லைனைத் தொடவே இல்ல போல. பிரேக் ஃப்ளூயிட் காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், ஈரம் ஏற ஏற கொதிநிலை இறங்கும், புது டாட் 4 ஃப்ளூயிடுக்கு குறைஞ்சபட்சம் 230 டிகிரி, ஈரம் குடிச்சதுக்கு 155 வரைக்கும் இறங்கிடலாம். உள்ள கொதிச்சு குமிழி வந்தா பெடல் குமிழியைத் தான் அமுக்கும், பிஸ்டனை இல்ல. அதுல நண்பனுக்கு ரொம்ப கோவம், எனக்கும் தான், 110 மைல்ல வரும்போது இது விளையாட்டு சமாச்சாரம் இல்ல.

அடுத்த தடவை அவனே வீட்டு வாசல்ல வச்சு முழு லைனையும் காலி பண்ணி மோட்டுல் ஆர்பிஎஃப் 600 ஊத்தினான், அதோட கொதிநிலை 312 டிகிரி, முன்னாடி ஃபெரோடோ டிஎஸ் 2500 பேட் போட்டான். அதே தண்டர்ஹில், செப்டம்பர், வெயில் கொஞ்சம் கம்மி. 20 நிமிஷமும் ஓட்டிட்டு சிரிச்சிட்டே வந்தான். பெடல் கல்லு மாதிரி இருக்கு. செலவு 1,500ல மூணுல ஒரு பங்கு கூட வரல.

அதனால பிரேக் விஷயத்துல என் தீர்ப்பு நண்பன் பக்கம் பாதி சாயுது. வருஷத்துக்கு ரெண்டு மூணு நாள் ட்ராக் போறவங்களுக்கு சாதா பிரேக்கே நல்ல பேட், நல்ல ஃப்ளூயிட் போட்டா போதும். பேக்கேஜ் இருக்கறவங்களும் பேட், ஃப்ளூயிட் மாத்தியே ஆகணும், பிரெம்போன்னு எழுதியிருக்குன்னு கம்பெனி ஃப்ளூயிடோட கோடைல ட்ராக்ல இறங்காதீங்க, நான் முதல் நாளே மாத்திட்டு தான் போனேன். மீதி பாதி எங்க பக்கம்னா, பிரெம்போல பேட் ரொம்ப நாள் வருது, சம அளவா தேயுது. சாதா காலிப்பர் ஒரு பக்கம் மட்டும் பிஸ்டன் வச்சு நகர்ற டைப், சூடு ஏறினா பேட் ஆப்பு மாதிரி ஒரு ஓரமா தேயும், நண்பன் கழட்டின பேட்டை கைல வச்சுப் பார்த்தேன், ஒரு முனைல விரல் கனம், மறுமுனைல அதுல பாதி. என்னோடதுல ரெண்டு பக்கமும் பிஸ்டன் நின்ன இடத்துல இருந்தே அமுக்குது, பேட் நேரா தேயுது. மாத்தறதும் சுலபம், காலிப்பரைக் கழட்டவே வேணாம், ரெண்டு பின்னைத் தட்டி எடுத்தா பேட் மேல உருவிடலாம், ட்ராக் ஓரமா நின்னு ஒரு பக்கத்துக்கு பத்து நிமிஷத்துல முடிச்சிருக்கேன். ஒரு சின்ன விஷயம், வேற 17 இன்ச் வீல் வாங்கற ஐடியா இருந்தா காலிப்பர் இடிக்குதான்னு அளந்து பார்த்துட்டு வாங்குங்க, எல்லா 17ம் ஏறாது.

இவ்வளவு நேரம் பிரேக்கைப் பத்தி பேசினேன்ல, இந்த பேக்கேஜை வாங்கறதுக்கு உண்மையான காரணம் பிரேக் இல்ல, டேம்பர்.

இதை யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க, ஏன்னா டேம்பர் வெளில தெரியாது. ஸ்போக்குக்கு நடுவுல காலிப்பர் தெரியும், போட்டோல வரும், பார்க்கிங்ல நாலு பேர் குனிஞ்சு பார்ப்பாங்க. சாக்ஸ் டேம்பரைப் பார்க்கணும்னா காரைத் தூக்கி வீலைக் கழட்டணும்.

லிவர்மோர்ல இருந்து தெற்கால மைன்ஸ் ரோடுன்னு ஒண்ணு போகும், சான் அன்டோனியோ பள்ளத்தாக்குல தி ஜங்ஷன் சாப்பாட்டுக் கடை வரைக்கும், பைக்காரங்க எல்லாம் வந்து நிக்கற இடம். சில இடத்துல ரெண்டு கார் எதிரெதிரே வந்தா ஒதுங்கணும், ஒட்டு போட்ட தார், திருப்பத்துக்கு நடுவுல மேடு பள்ளம். நானும் நண்பனும் அங்க பாதி வழில காரை மாத்திக்கிட்டோம். டயர் ஒண்ணு, காத்தழுத்தம் ரெண்டுலயும் நானே காலைல கேஜ் வச்சு சரி பண்ணினேன், வித்தியாசம் எதுல இருந்து வருதுன்னு குழப்பம் வரக்கூடாதுன்னு.

ஒரே ஒரு இடத்தைச் சொல்றேன். இடது திருப்பம், ஓக் மர நிழல், திருப்பத்தோட நடுவுல குறுக்கால ஒரு ஒட்டு, ஒரு இன்ச் எழும்பி இருக்கும். நண்பன் கார்ல அதுல ஏறினா முன் வீல் எழும்பும், கார் மேல போகும், கீழ வரும், மறுபடி கொஞ்சம் மேல போய் உக்காரும், அந்த ரெண்டாவது அசைவு நடக்கும்போது முன் டயர்ல பாரம் குறைஞ்சு ஸ்டியரிங் ஒரு கணம் லேசாகும், கை தானாவே அரை இன்ச் கூடத் திருப்பும். என் கார்ல அதே இடம், அதே வேகம், டப்னு ஒரே ஒரு சத்தம், மேல போச்சு, உக்காந்துச்சு, முடிஞ்சது. கையைத் திருத்த வேண்டிய வேலையே இல்ல. மூணு தடவை திரும்பிப் போய் ஓட்டினோம். நண்பன் என் கார்ல இருந்து இறங்கி கதவைப் பிடிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசல, அப்புறம் "இதை ஏன்டா நீ இத்தனை நாள் சொல்லல"ன்னான்.

ஏன் இப்படின்னா, ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், ஆனா தாங்கிட்டு சும்மா இருக்காது, ஆடிட்டே இருக்கும், அந்த ஆட்டத்தை அடக்கறது டேம்பர். டேம்பர்ல ஸ்லோ, ஃபாஸ்ட்னு ரெண்டு சொல்வாங்க, அது கார் வேகம் இல்ல, உள்ள இருக்கற பிஸ்டன் நகர்ற வேகம். ஸ்டியரிங் திருப்பும்போது கார் ஒரு பக்கமா சாயறது மெதுவான அசைவு, குழில விழறது வேகமான அசைவு. மெதுவானதுக்கு இறுக்கமாவும் வேகமானதுக்கு கொஞ்சம் விட்டுக் கொடுத்தும் அமைச்சா கார் சாயாது, அதே சமயம் முதுகும் வலிக்காது. சாக்ஸ்ல அந்த அளவு நல்லா அமைஞ்சிருக்கு. நகருக்குள்ள சின்னச் சின்ன வெட்டு எல்லாம் கொஞ்சம் கூடவே தெரியும், அதை மறைக்கல, 880 ஹைவேல காங்க்ரீட் ஜாயின்ட் ஒவ்வொண்ணையும் எண்ணலாம். என் மனைவிக்கு ஆரம்பத்துல பிடிக்கல. ஆனா பெரிய பள்ளத்துல ரெண்டாவது குதிப்பு இல்லாததால நீண்ட பயணத்துல அவங்களுக்கு தலைசுத்தல் வரதில்லன்னு அவங்களே சொன்னாங்க.

அண்ணன் இதை 2017லயே சொன்ன ஆளு. அவரோட பிஆர்இசட்லயும் அதே பிரெம்போ, சாக்ஸ் ஜோடி தான், "தம்பி, நான் அப்போ பிரேக்குக்காக வாங்கினேன், இப்போ வச்சிருக்கறது ஷாக்குக்காக"ன்னார். டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து செஞ்ச கார் இது, ரெண்டு பெயர்ல வந்தாலும் ஜப்பான்ல குன்மால இருக்கற சுபாரு ஃபேக்டரில தான் பிறக்குது, அதனால அதே ஜோடி ஜிஆர் 86க்கும் 2024ல வந்தது ஆச்சரியம் இல்ல. சுபாரு அதே வருஷம் பிஆர்இசட் டிஎஸ் மாடல்ல பிரெம்போவோட எஸ்டிஐ (சுபாருவோட ஸ்போர்ட்ஸ் பிரிவு) ட்யூன் பண்ணின ஹிட்டாச்சி டேம்பர் போட்டாங்க, அதை நான் ஓட்டல, அதனால அதைப் பத்தி பேச மாட்டேன்.

இப்போ பேக்கேஜ் இல்லாத கார் வச்சிருக்கறவங்க இதையெல்லாம் படிச்சுட்டு பார்ட்ஸ் வாங்கி மாட்டலாம்னு நினைப்பீங்க. பிரேக்கை மாத்தாதீங்க. காலிப்பர் நாலு, டிஸ்க் நாலு, கூலி எல்லாம் சேர்த்தா 1,500ஐத் தாண்டி எங்கயோ போகும், பேட்டும் ஃப்ளூயிடும் போட்டுட்டு மிச்ச காசை டேம்பர்ல போடுங்க. புதுசா வாங்கறவங்களுக்கு இந்த கணக்கு தலைகீழ், 2024 விலைப்படி சுமாரா 30,000 டாலர் கார்ல 1,500க்கு கம்பெனியே மாட்டி, வாரண்டியோட கொடுக்கற இந்த ரெண்டையும் வெளில தனியா வாங்கினா அந்த விலைக்கு டேம்பர் செட் ஒண்ணு தான் ஒழுங்கா வரும்.

டீலர்கிட்ட உஷாரா இருங்க. நான் முதல்ல போன டீலர் பேக்கேஜ் இருக்கற காருக்கு ஸ்டிக்கர் விலைக்கு மேல 4,000 டாலர் கேட்டார், மார்க்கெட் அட்ஜஸ்ட்மென்ட்னு ஒரு பேப்பர் ஒட்டி வச்சிருந்தாங்க. அந்த விலைக்கு இந்த பேக்கேஜ் வேணவே வேணாம், நான் எழுந்து வந்துட்டேன். அஞ்சு வாரம் காத்திருந்து வேற ஊர் டீலர்கிட்ட ஸ்டிக்கர் விலைக்கே எடுத்தேன்.

குறைன்னா எனக்கு ஒண்ணே ஒண்ணு தான், ஆனா அது பெரிய குறை. சூடு. மஸ்டாங் பேக்ல பெரிய ரேடியேட்டர் வந்துச்சுன்னு சொன்னேன்ல, ஃபோர்ட் இஞ்சினியர்கள் ட்ராக்ல போனா பிரேக் மட்டும் சூடாகாது, இஞ்சினும் சூடாகும்னு சேர்த்து யோசிச்சிருக்காங்க. ஜிஆர் 86 பேக்கேஜ்ல குளிர வைக்கறதுக்கு ஒண்ணுமே கூடுதலா இல்ல, காத்துல ஆற வைக்கற தனி ஆயில் கூலர் கொடுத்திருக்கலாம். ட்ராக் மோட் போட்டா டிஸ்ப்ளேல ஆயில் சூடு தெரியும், தண்டர்ஹில்ல அந்த ஜூன் மாசம் 12வது நிமிஷத்துல 275 ஃபாரன்ஹீட் காட்டுச்சு, நான் கியரை ஏத்தி ரெண்டு சுத்து மெதுவா ஓட்டி ஆற விட்டேன். அதாவது பிரேக் இன்னும் 8 நிமிஷம் தாங்கும், நான் தான் ஓட்ட முடியல. அதோட இந்த இஞ்சின்ல நீளமான வலது திருப்பத்துல ஆயில் பிரஷர் இறங்கறதைப் பத்தி ட்ராக் போறவங்க பல பேர் கேஜ் மாட்டி அளந்து பேசறாங்க, தண்டர்ஹில்ல பெரிய நீளத் திருப்பமான ரெண்டாவது திருப்பம் இடது பக்கம்ங்கறதால எனக்கு அங்க கவலை கம்மி, ஆனா வேற ட்ராக் போறதுக்கு முன்னாடி இதை யோசிச்சு தான் போகணும். பேர்ல பெர்ஃபார்மன்ஸ்னு போட்டு பிரெம்போ கொடுத்தவங்க இதையும் பார்த்திருக்கணும், 2,000 டாலர் கேட்டிருந்தாலும் நான் கொடுத்திருப்பேன்.

டயர் அகலத்துல எனக்கும் அண்ணனுக்கும் ஒத்துப் போகல. 2018 மஸ்டாங் பெர்ஃபார்மன்ஸ் பேக் 2ல 305 அகல பைலட் ஸ்போர்ட் கப் 2 டயர் போட்டு கொடுத்த மாதிரி இதுலயும் 235, 245 கொடுத்திருக்கணும்னு அவர் சொல்வார். எனக்கு 215 தான் பிடிச்சிருக்கு. 1,300 கிலோவுக்குள்ள இருக்கற கார், பிடிப்பு குறைவா இருக்கறதால 40 மைல்லயே பின்பக்கம் லேசா நகர்றதை இடுப்புல உணரலாம், அதுக்கு தான் இந்த காரையே வாங்கினேன். நல்ல டேம்பர் இருந்தா அந்த நகர்வு மெதுவா, சொல்லிட்டு வர்ற மாதிரி வருது. அகல டயர் போட்டு அதை 70 மைலுக்குத் தள்ளி வச்சா ரோட்டுல என்னைக்குமே பார்க்க முடியாது.

நண்பன் போன வாரம் டேம்பர் ஆர்டர் பண்ணிட்டான், சாக்ஸ் இல்ல, உயரமும் இறுக்கமும் மாத்தற வெளி கம்பெனி செட், ரெண்டு நாள் என்கிட்ட ஆலோசனை கேட்டுட்டு கடைசில அவன் இஷ்டப்படி தான் வாங்கினான். நான் ஆயில் கூலர் வாங்கி வச்சிருக்கேன், பெட்டி கராஜ்ல இருக்கு. ரெண்டையும் ஒரே சனிக்கிழமை மாட்டறதா பேச்சு, அண்ணன் போல்ட்டை அளவா முறுக்கற டார்க் ரென்ச் எடுத்துட்டு வரேன்னு சொல்லியிருக்கார், மாட்டின அடுத்த நாள் காலைல மைன்ஸ் ரோட்டுல அதே ஓக் மரத் திருப்பத்துல மறுபடி காரை மாத்தி ஓட்டிப் பார்க்கணும்.